கேள்வி பதில்: கோஜிப் பழம்

இம்மாதம் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ஒரே பழத்தைப் பற்றிக் கேட்டிருந்தமையால், இப்பகுதி முழுவதையும் கோஜிக்கே ஒதுக்கியுள்ளேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில், விவரமாக எழுதப்பட்ட கடிதம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: வெள்ளவத்தையில் காலி வீதிக் கடைகளில் உலர்ந்த செந்நிறப் பழங்களைக் 'கோஜி' என்று விற்கிறார்கள். பார்வைக்கு ஒடுங்கி நீண்ட முந்திரிகை வற்றல் போல இருக்கின்றன. இது என்ன பழம்? நமது மூலிகைகளில் இதற்கு ஏதேனும் பெயர் உண்டா?
(வாசகி, வெள்ளவத்தை)

பதில்: கோஜி என்பது சீனாவின் வடமேற்கில் பெருமளவில் பயிரிடப்படும் முட்புதர் ஒன்றின் பழம். லைசியம் பார்பரம், லைசியம் சைனென்ஸ் என்னும் இரண்டு இனங்களின் பழங்களும் இப்பெயரைப் பெறுகின்றன. கடைக்கு வரும் உலர்பழத்தில் பெரும்பகுதி முதலாவது இனத்தைச் சேர்ந்தது. சீனர் இதனைக் 'கௌச்சி' என்பர். அச்சொல்லே மேலைநாட்டு வணிகரின் வாயில் 'கோஜி' ஆயிற்று. மஞ்சள் ஆற்று நீர் பாயும் நிங்சியாப் பிரதேசத்தின் சொங்நிங் மாவட்டம் இதற்குப் பேர்போனது. யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் என்றால் நமக்கு எப்படியோ, நிங்சியாக் கோஜி என்றால் சீனருக்கு அப்படி. பொதியின் மேல் 'இமயமலைக் கோஜி' என்று அழகாக அச்சிட்டிருந்தாலும், உலகச் சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு நிங்சியா, சிங்காய், சின்ஜியாங் ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலிருந்தே வருகிறது.

தாவரவியல் முறைப்படி இது கத்தரிக் குடும்பம். தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றோடு, நாம் மருந்தாகவும் உணவாகவும் கொள்ளும் மணத்தக்காளி, தூதுவளை, அமுக்கிரா ஆகியனவும் இதன் உறவினரே. இதன் ஊதா நிறப் பூவைப் பார்த்தால் அந்த உறவு உடனே புலப்படும். தமிழில் இதற்கென மரபான பெயர் கிடையாது. சித்தர்கள் கண்ட மூலிகை என்று யாராவது சொல்லி விற்றால் அதனை ஏற்க வேண்டியதில்லை. தேயிலை நாட்டினராகிய நமக்குச் சுவையான ஒரு செய்தி: பதினெட்டாம் நூற்றாண்டில் இச்செடி பிரித்தானியாவுக்குச் சென்றபோது, அதில் தொங்கவேண்டிய பெயர்ச்சீட்டும் தேயிலைச் செடியின் பெயர்ச்சீட்டும் மாறிப்போயினவாம். அதனால் இன்றும் அங்கு இதற்கு 'ஆர்கைல் கோமகனின் தேயிலை மரம்' என்று ஒரு பெயர் வழங்குகிறது.

கேள்வி: வட்ஸ்அப்பில் எங்கள் உறவினர் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. கோஜியில் தோடம்பழத்தைவிட 500 மடங்கு விற்றமின் சி உண்டு என்றும், இதனைத் தினமும் உண்ட ஒரு சீனர் 252 ஆண்டுகள் வாழ்ந்தார் என்றும் அதில் இருக்கிறது. என் மாமனார் இரண்டு பெரிய பொதிகள் வாங்கிவிட்டார். உண்மையில் இதில் என்ன சத்து இருக்கிறது?
(வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: தோடம்பழக் கணக்கை எவரும் சரிபார்க்கலாம். அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவுக்கூற்று அட்டவணைப்படி, 100 கிராம் உலர்ந்த கோஜியில் ஏறத்தாழ 48 மில்லிகிராம் விற்றமின் சி இருக்கிறது; 100 கிராம் தோடம்பழத்தில் ஏறத்தாழ 53 மில்லிகிராம். எடைக்கு எடை பார்த்தால் தோடம்பழமே சற்று முந்துகிறது. அதே அட்டவணையில் கொய்யாப்பழத்துக்கு 228 மில்லிகிராம் காட்டப்பட்டுள்ளது. மேலும், எவரும் ஒரே அமர்வில் 100 கிராம் கோஜி உண்பதில்லை. ஒரு கைப்பிடி என்பது சுமார் 28 கிராம். அதில் கிடைப்பது 13 அல்லது 14 மில்லிகிராம் மட்டுமே.

252 வயதுக் கதை, 1933 இல் இறந்த லீ சிங் யுவென் என்ற சீன மூலிகை வணிகரைப் பற்றியது. அவர் பிறந்த ஆண்டு 1677 என்று சிலரும் 1736 என்று சிலரும் சொன்னார்கள். இரண்டுக்கும் நம்பத்தக்க சான்று இல்லை. உலகில் ஆவணங்களால் உறுதிசெய்யப்பட்ட மிக நீண்ட ஆயுள், 1997 இல் தமது 122 ஆவது வயதில் காலமான பிரெஞ்சுப் பெண்மணி ஒருவருடையது.

இவ்வளவு சொன்னதால் பழத்தைப் பழிக்கிறேன் என்று உங்கள் மாமனார் எண்ணவேண்டாம். 100 கிராம் உலர்பழத்தில் 14 கிராம் புரதமும், 13 கிராம் நார்ப்பொருளும், 6.8 மில்லிகிராம் இரும்பும், 190 மில்லிகிராம் கல்சியமும் இருப்பது ஓர் உலர்பழத்துக்கு உண்மையிலேயே மிக நல்ல அளவாகும். முந்திரிகை வற்றலில் புரதம் 3 கிராம் அளவே உண்டு. எனினும் கைப்பிடிக் கணக்குக்கு வந்தால் புரதம் 4 கிராம், இரும்பு 2 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு என்று ஆகிவிடுகிறது; அந்தப் புரதம் ஒரு முட்டையில் இருப்பதைவிடக் குறைவு. தாவர உணவிலுள்ள இரும்பை உடல் குறைவாகவே உறிஞ்சும் என்பதையும், உண்டவுடன் தேநீர் குடித்தால் அதுவும் மேலும் குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உலர்த்தும்போது நீர் போய்விடுவதால் எஞ்சிய சத்துகள் செறிந்து தோன்றும். உலர்ந்த பழத்தைப் பச்சைப் பழத்தோடு ஒப்பிட்டு 'இத்தனை மடங்கு' என்று எழுதும் விளம்பரங்கள் அனைத்தும் இந்தச் செறிவை மறைத்தே பேசுகின்றன.

ஒட்சியேற்ற எதிர்ப்பு ஆற்றலில் முதலிடம் என்று பொதிகளில் காணப்படும் எண்களையும் பொருட்படுத்த வேண்டாம். அவ்வெண்கள் சோதனைக்குழாயில் அளக்கப்பட்டவை. அவை மனித உடலில் என்ன பயன் தரும் என்பதைக் காட்டவில்லை என்ற காரணத்தால், அமெரிக்க விவசாயத் திணைக்களமே அத்தகைய எண்கள் கொண்ட பட்டியலை 2012 இல் தனது இணையத்தளத்திலிருந்து நீக்கிவிட்டது.

கேள்வி: நான் 66 வயதான, ஓய்வுபெற்ற ஆசிரியை. விழித்திரையின் மையத்தில் வயதினால் வரும் சிதைவு ஆரம்ப நிலையில் இருப்பதாகக் கண் வைத்தியர் சொன்னார். கனடாவிலிருக்கும் மகள் கோஜி அனுப்பி, 'அம்மா, இது கண்ணுக்கு மிக நல்லது' என்கிறாள். அவள் சொல்வதில் உண்மை உண்டா?
(வாசகி, பம்பலப்பிட்டி)

பதில்: உங்கள் மகள் சொல்வதில் கணிசமான உண்மை இருக்கிறது. கோஜியைப் பற்றிய பேச்சுகளில் எனக்கு மதிப்பு உள்ள பகுதியும் இதுவே.

விழித்திரையின் நடுவில், நாம் எழுத்து வாசிப்பதற்கும் முகம் அறிவதற்கும் பயன்படுத்தும் சிறிய இடத்தை மஞ்சட் பொட்டு என்கிறோம். லூட்டின், சியாசாந்தின் என்னும் இரண்டு நிறமிகள் அங்கு படிந்திருப்பதாலேயே அவ்விடம் மஞ்சளாகத் தெரிகிறது. அவை நீல ஒளியை வடிகட்டி, அடியிலுள்ள கலங்களைக் காக்கின்றன. உடல் அவற்றைத் தானாக உருவாக்காது, உணவிலிருந்தே பெறவேண்டும். கோஜியின் செந்நிறத்துக்குக் காரணமான முதன்மை நிறமி சியாசாந்தினே. இவ்வளவு செறிவாக அது இருக்கும் உணவுகள் மிகச் சில.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2021 இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், 45 முதல் 65 வயது வரையான 27 பேர் கலந்துகொண்டனர். ஒரு பகுதியினர் வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு 28 கிராம் கோஜியை 90 நாள் உண்டனர். மற்றவர்கள் லூட்டினும் சியாசாந்தினும் அடங்கிய மாத்திரை எடுத்தனர். கோஜி உண்டவர்களின் மஞ்சட் பொட்டில் நிறமியின் அடர்த்தி கூடியது. மாத்திரை எடுத்தவர்களில் அத்தகைய மாற்றம் காணப்படவில்லை. மகிழத்தக்க முடிவுதான். ஆயினும் அவர்கள் அனைவரும் உங்களுக்குள்ள நோய் இல்லாதவர்கள், தொகையில் மிகக் குறைவானவர்கள். நிறமி கூடியது என்பது பார்வை காக்கப்பட்டது என்பதற்குச் சமமும் அன்று. ஆகவே கண் வைத்தியரிடம் குறித்த திகதிகளில் செல்வதை எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள். வீட்டில் யாராவது புகைப்பவராக இருந்தால், அதை நிறுத்துவது எந்தப் பழத்தைவிடவும் கண்ணுக்கு நன்மை.

இந்த நிறமி கொழுப்பில் கரைவது. வெறும் வெந்நீரில் ஊறவைத்து, நீரை மட்டும் குடித்துவிட்டுப் பழத்தை எறிவோர் நிறமியின் பெரும்பகுதியையும் சேர்த்தே எறிகிறார்கள். கழுவிய பழத்தைப் பத்து நிமிடம் ஊறவைத்து, தேங்காய்ப்பால் விட்ட கஞ்சியில் இறக்கும் தறுவாயில் சேருங்கள், அல்லது கஜுவோடு சேர்த்து மென்று உண்ணுங்கள். பொதி தீர்ந்த பின்னர் மகளைச் சிரமப்படுத்த வேண்டாம்: முட்டை மஞ்சட்கரு, மஞ்சள் சோளம் ஆகியவற்றில் சியாசாந்தினும், நமது கரும்பச்சைக் கீரைகளில் லூட்டினும் நிறைந்திருக்கின்றன.

ஒரு நுட்பமான வேறுபாட்டையும் இங்கே சொல்லவேண்டும். சியாசாந்தின் உடலில் விற்றமின் ஏ ஆக மாறுவதில்லை. மாலைக்கண் வராமல் காப்பது விற்றமின் ஏ; அதற்குப் பப்பாசி, கரட், முருங்கைக்கீரை ஆகியனவே நமது வழி.

கேள்வி: என் அம்மாவுக்கு 70 வயது. இதய வால்வு மாற்றிய நாள் முதல் வார்பரின் மாத்திரை எடுக்கிறார். மலேசியாவிலிருந்து வந்த தம்பி கொடுத்த கோஜித் தேநீரை இப்போது காலையும் மாலையும் குடிக்கிறார். மூலிகைதானே, கெடுதல் இராது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மனம் அமைதியாக இல்லை.
(வாசகி, கிருலப்பனை)

பதில்: உங்கள் மனம் சரியாகவே எச்சரித்திருக்கிறது. இக்கடிதத்துக்கு இதழ் வரும்வரை காத்திராமல் தபாலில் உடனே பதில் அனுப்பியிருந்தேன். ஏனையோருக்காக இங்கு மீண்டும் எழுதுகிறேன்.

தேநீரை அன்றே நிறுத்துங்கள். வார்பரின் மாத்திரையை மட்டும் நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. வால்வு மாற்றியவருக்கு அது உயிர் ஆபத்து. அம்மா சிகிச்சை பெறும் சிகிச்சை நிலையத்துக்குச் சென்று, எத்தனை நாளாக எவ்வளவு குடித்தார் என்பதைச் சொல்லி, இரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். முரசில் இரத்தம் கசிதல், காரணமின்றித் தோலில் கன்றிய நீலத் தழும்புகள், கறுத்த மலம், விழுந்து தலையில் அடிபடுதல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லத் தாமதிக்க வேண்டாம்.

காரணம் இதுதான். வார்பரின் இரத்தம் உறைவதை ஓர் அளவுக்குள் தாமதப்படுத்தும் மருந்து. அந்த அளவு குறைந்தால் வால்வில் இரத்தம் கட்டியாக உறையும், கூடினால் உள்ளே இரத்தம் கசியும். நடுவிலுள்ள பாதை ஒடுங்கியது. கோஜி அந்த மருந்தின் செயலைக் கூட்டிவிடக்கூடும் என்பதற்கு மருத்துவ இதழ்களில் நோயாளர் குறிப்புகள் உள்ளன. 2001 இல் வெளிவந்த குறிப்பில், 61 வயதான சீனப் பெண் ஒருவரின் ஐ.என்.ஆர். அதற்கு முன்னர் 2 க்கும் 3 க்கும் இடையில் சீராக இருந்து, அவர் கோஜித் தேநீர் குடிக்கத் தொடங்கிய பின்னர் 4.1 ஆக உயர்ந்தது. தேநீரை விட்டதும் இறங்கியது. அதன் பின்னரும் இதைப் போன்ற குறிப்புகள் வந்துள்ளன.

நமது குடும்பங்களில் இவ்வாறான ஆபத்து நேர்வதற்கு ஒரு வழக்கமே காரணமாகிறது. வைத்தியர் 'வேறு ஏதும் மருந்து எடுக்கிறீர்களா?' என்று கேட்கும்போது நாம் 'இல்லை' என்றே சொல்கிறோம். கொத்தமல்லிக் குடிநீரும் மூலிகைத் தேநீரும் நம் கணக்கில் மருந்துகள் அல்லவே! பொய் சொல்லும் எண்ணம் எவருக்கும் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லால் வைத்தியரின் கணக்கு பிழைத்துவிடுகிறது. அடுத்த முறை செல்லும்போது, வீட்டில் உண்ணும், குடிக்கும் புதிய பொருட்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

நீரிழிவு மாத்திரையோ குருதி அழுத்த மாத்திரையோ எடுப்பவர்களும், பெரிய அளவில் கோஜி உண்ணத் தொடங்குமுன் வைத்தியரிடம் கேட்கவேண்டும். தக்காளியோ பீச் பழமோ உண்டால் தோல் தடிப்பவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். கருவுற்ற பெண்களிடம் செய்யப்பட்ட போதிய ஆய்வுகள் இல்லாததால், அக்காலத்தில் இதனைத் தவிர்ப்பதே என் ஆலோசனை.

கேள்வி: எனக்கு நீரிழிவு உண்டு. போத்தலில் வரும் கோஜிச் சாறு சீனியைக் குறைக்கும் என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். குடிக்கலாமா?
(வாசகர், வத்தளை)

பதில்: வேண்டாம். 100 கிராம் உலர்ந்த கோஜியில் ஏறத்தாழ 46 கிராம் சீனி உண்டு. ஒரு கைப்பிடியில் 13 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிச் சீனி. முழுப்பழமாக உண்டால் நார்ப்பொருளாவது அதன் வேகத்தைக் குறைக்கும். சாற்றில் அதுவும் இல்லை. போத்தலின் பின்புறச் சீட்டைப் படியுங்கள்: பலவற்றில் திராட்சைச் சாறும் அப்பிள் சாறும் கலந்திருக்கும். கோஜியின் கூட்டுச் சர்க்கரைப் பொருட்கள் குருதியின் சீனியைச் சற்றுக் குறைக்கலாம் என்று சிறிய ஆய்வுகள் சில சொல்வது மெய். அவற்றை நம்பி மாத்திரையைக் குறைப்பது பெரும் தவறு. ஆசைக்கு ஒரு மேசைக்கரண்டி முழுப்பழத்தை உணவோடு உண்டு, அன்றைய மாப்பொருளில் அதனைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நல்ல பழத்தை எப்படி அறிவது? கறுப்புக் கோஜி என்று ஒன்று இதைவிட விலை கூடுதலாக விற்கிறார்களே, அது உயர்ந்ததா?
(வாசகி, புறக்கோட்டை)

பதில்: இயற்கையாக உலர்ந்த கோஜி சற்று மங்கிய சிவப்பாகவும், ஒன்றுக்கொன்று நிறம் சிறிது வேறுபட்டும் இருக்கும், காம்பு இருந்த முனையில் வெளிறிய புள்ளி தெரியும். ஒரே சீராக மின்னும் சிவப்பும் மூக்கைக் குத்தும் புளித்த வாடையும் இருந்தால், கந்தகப் புகை காட்டியதாக இருக்கலாம். அது ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கூடாது. சிலவற்றைக் குளிர்ந்த நீரில் இட்டுப் பாருங்கள். உண்மையான நிறமி நீரில் எளிதில் கரையாததால் நீர் இளமஞ்சளாகவே மாறும். கடுஞ்சிவப்பாக மாறினால் சாயம் என்று ஐயுறுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் இப்பழம் விரைவில் ஒட்டிக்கொண்டு பூஞ்சணம் பிடிக்கும். இறுக மூடிய கண்ணாடிப் போத்தலில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

கறுப்புக் கோஜி வேறோர் இனம், லைசியம் ருதெனிகம். நாவற்பழத்தின் நிறத்துக்குக் காரணமான அந்தோசயனின் வகை நிறமிகள் அதில் உண்டு. கண்ணுக்கான சியாசாந்தினுக்காக வாங்குபவர் சிவப்பையே வாங்கவேண்டும். நாவற்பழக் காலத்தில் அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி நாவற்பழம் வாங்குவதே நல்லது.

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மிளகாயும் கத்தரியும் சாடிகளில் வளர்க்கிறேன். கோஜியும் வளருமா? உலர்பழ விதை முளைக்குமா, வெளிநாட்டிலிருந்து கன்று வரவழைக்கலாமா?
(வாசகர், தெஹிவளை)

பதில்: முளைக்கும், வளர்ப்பதில்தான் சிரமம். அதிக சூட்டில் உலர்த்தப்படாத பழமாயின், ஊறவைத்துப் பிழிந்து எடுக்கும் தக்காளி விதை போன்ற சிறு விதைகள் தும்புச்சோறும் கூட்டெருவும் கலந்த தட்டில் இரண்டு வாரமளவில் முளைவிடும். அதன் பின்னர் அச்செடிக்கு அதன் தாயகம் நினைவு வந்துவிடுகிறது. நிங்சியாச் சமவெளியில் ஆண்டு மழை சுமார் 200 மில்லிமீற்றர். கொழும்பில் அது 2,400 மில்லிமீற்றர் அளவு. அங்கே குளிர்காலத்தில் நீர் உறைய, செடி இலையுதிர்த்து உறங்கும். இங்கே இரவிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. உறங்காத செடி இலையை மட்டும் விட்டுக்கொண்டேயிருக்கும். நான் வளர்த்த இரண்டில் ஒன்று ஒக்டோபர் மழையில் வேர் அழுகிப் போயிற்று. மற்றது மூன்றாம் ஆண்டில் பூத்தது, ஏழு பழங்கள் தந்தது. அந்த ஏழையும் எண்ணிப் பார்த்த மகிழ்ச்சி இன்னும் எனக்குள் இருக்கிறது.

எனவே இலைக்காக வளர்ப்பதாக எண்ணித் தொடங்குங்கள். தென்சீனாவில் லைசியம் சைனென்ஸ் இனத்தின் இளந்தளிரைக் கீரையாகவே பயிரிட்டு, முட்டை சேர்த்துச் சூப்பாக உண்பார்கள். மெல்லிய கசப்பு, நமது தூதுவளைக்கு அண்மையான சுவை. ஓர் அடிக்கு மேல் ஆழமுள்ள, அடியில் நிறையத் துளையிட்ட சாடி. மூன்றில் ஒரு பங்கு பருமணல். ஆறு மணி நேரத்துக்குக் குறையாத வெயில். அடைமழை நாட்களில் கூரையின் கீழ் இடம். இச்செடி காரத்தன்மை சிறிதுள்ள மண்ணை விரும்புவதால், தென்னைக்கு இடும் டொலமைட்டில் ஒரு மேசைக்கரண்டி கலந்துவிடுங்கள். யூரியா இட்டால் இலை பெருகும், பூ வராது. ஈரக்காலத்தில் இலைமேல் வெண்சாம்பல் போலப் படியும் பூஞ்சண நோய் இதற்கு எளிதில் வரும். நெருங்கிய கிளைகளை வெட்டிக் காற்றோட்டம் விடுங்கள்.

கன்றையோ விதையையோ வெளிநாட்டிலிருந்து அனுமதியின்றி வரவழைக்க வேண்டாம். 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கட்டுநாயக்கவிலுள்ள தேசிய தாவரத் தொற்றுநீக்கச் சேவையிடம் விசாரிக்கலாம். கோஜி கத்தரிக் குடும்பம் என்பதை முன்னரே சொன்னேன். அதன் கன்றோடு ஒட்டிவரும் பூச்சியோ நோயோ, உங்கள் சாடியிலுள்ள மிளகாயிலும் தக்காளியிலும் தொற்றி, அங்கிருந்து மலையக உருளைக்கிழங்குத் தோட்டம் வரை போகக்கூடும்.

பழம் வந்தால் விரலால் அழுத்திப் பறிக்காதீர்கள். பச்சைக் கோஜி மிக மென்மையானது, அழுந்திய இடம் கறுத்துவிடும். நன்கு சிவந்த பின்னர் செடியின் கீழ் வெள்ளைத் துணி விரித்துக் கிளையை மெல்ல உலுக்குங்கள்; கனிந்தவை தாமாகவே உதிரும்.